மிக நன்று, இப்படியே தொடரவும்

என் அன்புக்கும் மரியாதைக்கும், சிறு வயதிலிருந்தே கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் அவள் பால்கனியில் வளர்க்கும் செடிகளும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நல்லது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நன்றி. இதை எப்படி அழகாகச் சொல்வது என்று யோசித்து யோசித்துத் தாள்களைக் கிழித்துப் போட்டதுதான் மிச்சம், ஆகையால் மொட்டையாகவே சொல்லிவிடுகிறேன்: ரொம்ப நன்றி அக்கா. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து ஓய்ந்துபோனது. மறுநாளும் அதே கதைதான். நடைப்பயிற்சிக்குப் போயிருப்பீர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்குக் கால் தரையில் பாவுவதே இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு, "என்ன ஆச்சுன்னு விவரமா எழுது" என்று மெசேஜில் நீங்களே கட்டளை போட்டிருந்தீர்கள். அதனால் கைப்பேசியைத் தூர வைத்துவிட்டு, பேனாவை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இது நீளமாகப் போனால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

போன பருவத் தேர்வில் என் புள்ளியியல் வகுப்பில் பாதிப் பேர் கோட்டைவிட்டதும், முதல்வர் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த பருவமும் இப்படியே போனால் வகுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கால அட்டவணை போடும் அறையில் நிம்மதியாக உட்காரலாமே என்று இனிக்க இனிக்கச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நான் உங்களிடம் புலம்பியபோது தப்பு முழுக்கப் பிள்ளைகள் மேல்தான் என்று அடித்துச் சொன்னேன். ஏனென்றால் என்னிடம் ஆதாரம் இருந்தது. நான் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கிறவன். கேட்டதும் முதல் பெஞ்சில் மூன்று தலைகள் ஆடும். ஒரு பானைக்கு ஒரு பருக்கை பார்ப்பதுபோலக் கொஞ்சத்தை எடுத்துப் பார்த்து மொத்தத்தைச் சொல்வதுதான் என் பாடத்தின் உயிரே என்பதால், அந்த மூன்று தலைகளை வைத்து மொத்த வகுப்புக்கும் புரிந்துவிட்டது என்று இத்தனை வருடமாக முடிவுகட்டி வந்திருக்கிறேன். நீங்கள் என் புலம்பலை முழுவதும் கேட்டுவிட்டு, நர்ஸிங் கல்லூரியில் உங்கள் மாணவிகள் வார்டிலிருந்து வந்ததும் இன்றைக்கு என்ன நடந்தது, எங்கே தடுமாறினேன், அடுத்த தடவை என்ன செய்வேன் என்று நோட்டில் எழுதுவார்களே, அதை உன் வகுப்பிலும் செய்து பார் என்றீர்கள். சிந்தனைக் குறிப்பேடு என்று பெயரும் வைத்துக் கொடுத்தீர்கள். எழுதியதை வேறு யாருக்கும் காட்டக் கூடாது, நீயும் ஒன்று எழுது, எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுது என்று மூன்று நிபந்தனையும் போட்டீர்கள். மூன்றையும் நான் எப்படிக் காற்றில் பறக்கவிட்டேன் என்பதுதான் இனி வருவது.

மறுநாளே வகுப்பில் அறிவித்தேன். எல்லோரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். பாவம், தங்கள் மனத்தில் உள்ளதை எழுது என்று அவர்களிடம் யார் கேட்டிருக்கிறார்கள்? அதனால் ஒரு மாதிரி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்ற வாக்கில் சொல்ல ஆரம்பித்தேன்: "இந்த வாரம் சராசரி பற்றிய பாடம் நடந்தது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு இன்னும் பொறுமை வேண்டும் என்று உணர்ந்தேன்." அது என்னுடைய நோட்டில் நான் எழுதப்போவது என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வார முடிவில் நோட்டுகள் வந்தன. அத்தனை நோட்டிலும், பதினெட்டு வயதுப் பையன்கள், பெண்கள் என்ற பேதமில்லாமல், எல்லோரும் தங்கள் மனைவியிடம் சராசரியை விளக்கி, அவளுக்குப் புரியாமல், பொறுமையின் அவசியத்தை உணர்ந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் கொஞ்சம் யோசித்து "என் கணவருக்குப் புரியவில்லை" என்று மாற்றியிருந்தாள், அவளுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு பையன் நேர்மையாக, "எனக்கு மனைவி இல்லை சார், அமைந்ததும் விளக்குகிறேன்" என்று எழுதியிருந்தான். நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி என்னவென்று எட்டிப் பார்த்தாள். உங்கள் முதல் நிபந்தனை அன்றைக்கே போயிற்று. அவள் சிரிக்கவில்லை. ஒரு கல்லூரியே சேர்ந்து தன்னை மக்கு என்று எழுதி வைத்திருக்கிறது என்று அன்று முழுவதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, மாதிரியே வேண்டாம், உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள், எவ்வளவு எழுதுகிறீர்களோ அவ்வளவு மதிப்பெண் என்று சொன்னேன். நான் செய்த அடுத்த தப்பு அது. அடுத்த வாரம் வந்த நோட்டுகளைத் தூக்க முடியவில்லை. பஸ் தாமதமான கதை, செருப்பு அறுந்த கதை, பக்கத்து வீட்டு நாய் குரைத்த கதை, குரைத்ததால் சராசரி படிக்க முடியாமல் போன கதை. ஓரிரு நோட்டைப் படித்துப் பார்த்தேன், தலை சுற்றியது. பிறகு ஆய்வகக் குறிப்பேட்டுக்குப் போடுவதுபோல ஒரு டிக், ஒரு கையெழுத்து, அடியில் "மிக நன்று. இப்படியே தொடரவும்" என்று ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். எழுதி எழுதிக் கை வலித்ததால் கடைத்தெருவில் சொல்லி அந்த வரியை ரப்பர் முத்திரையாகவே செய்து வாங்கிவிட்டேன். அக்கா, அந்த முத்திரை வந்த நாளில் எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே! டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல், அத்தனை நோட்டையும் முடித்துவிடுவேன். நோட்டைத் திறந்து கொடுப்பது மனைவி, முத்திரை குத்துவது நான். பதில் எழுது என்ற உங்கள் நிபந்தனையை இவ்வளவு சுத்தமாக யாரும் நிறைவேற்றியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கைப்பேசியிலும் அந்த வரியைச் சேமித்து வைத்தேன், முதல் எழுத்தைத் தட்டினால் போதும், முழுவதும் தானாக வந்து விழும்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் வகுப்பில் என் கண்ணில் வெயில் அடித்தது. கரும்பலகையில் ஒன்றும் தெரியவில்லை. இதென்ன புதிதாக என்று பார்த்தால், ஜன்னலோரம் காலியாக இருந்தது. அங்கே ஒரு பெண் உட்காருவாள், எல்லோரும் அவளை ஜன்னல் என்றே கூப்பிடுவார்கள். வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் அந்த நேரத்துக்கு வெயில் பலகைக்கு வருவதற்கு முன்னால் எழுந்து திரையை இழுத்துவிடுவாள். இந்தப் பருவம் முழுவதும் அவள்தான் இழுத்துவிட்டிருக்கிறாள், எனக்கு அது தெரிந்ததே அவள் வராமல் போன பிறகுதான். உடம்பு சரியில்லையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த வகுப்பிலும் வெயில் அடித்தது. அதற்கடுத்த வகுப்பில் நானே போய்த் திரையை இழுத்தேன், அது பாதியில் சிக்கிக்கொண்டது.

அன்று மாலை நோட்டுகளைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ஒரு நோட்டைத் திறந்தவள் என் பக்கம் நீட்டவில்லை. தன் பெயர் மறுபடியும் எங்காவது அடிபடுகிறதா என்று சரிபார்க்கப் போன வாரப் பக்கங்களை ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கமாகிவிட்டிருந்தது. "இதைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். படிக்காமலா முத்திரை குத்தியிருக்கிறேன் என்றேன். அவள் நோட்டை என் மடியில் வைத்தாள். ஜன்னலின் நோட்டு. அவளே நேரில் கொடுக்காமல் தோழி கையில் கொடுத்தனுப்பியிருந்தாள் போலிருக்கிறது, இந்த வாரப் பக்கம் வெறுமையாக இருந்தது. போன வாரத்துப் பக்கத்தில் இப்படி இருந்தது: "எல்லோருக்கும் புரிகிறது. எனக்கு மட்டும் ஒரு பாடம்கூடப் புரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். அப்பா கஷ்டப்பட்டுச் சேர்த்துவிட்டார், அதை வீணாக்குவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து வரப்போவதில்லை." அதற்கு நேர் கீழே, கொஞ்சமும் சாயாமல், மை கூடப் பிசிறாமல், என் முத்திரை: மிக நன்று. இப்படியே தொடரவும்.

நாட்காட்டியைப் பார்த்தேன் அக்கா. தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கெடு அந்த வாரத்தோடு முடிகிறது, அதை விட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும், ஒரு வருடம் போனவர்கள் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை. என் வகுப்பு போகுமே என்ற பயம் அந்த நேரத்தில் கிட்டத்தில்கூட வரவில்லை என்பதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்ததால் சொல்கிறேன். உடனே உங்களுக்குத்தான் மெசேஜ் அனுப்பினேன். உங்கள் பதிலும் வந்தது: "நேரா வீட்டுக்குப் போய்ப் பாரு. ஏன் வரலன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கோ, அவளாப் பேசுற வரைக்கும் திறக்காதே. என்ன ஆச்சுன்னு விவரமா எழுது." தெய்வ வாக்கு மாதிரி இருந்தது. உங்களுக்கு உடனே பதிலும் போட்டுவிட்டு, முத்திரையைத் தூக்கி மேசை இழுப்பறையின் அடியில் எறிந்தேன். அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அத்தனை நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன்.

நாய்க் கதைக்கும் செருப்புக் கதைக்கும் நடுவில், எனக்குத் தெரியாமல், பிள்ளைகள் என்னோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "எனக்கு மட்டும் புரியவில்லை" என்று ஒருவன். "எல்லோருக்கும் புரிகிறது, நான்தான் மந்தம்" என்று ஒருத்தி. திருப்பத் திருப்ப அதே வரி. கடைசி பெஞ்ச் மட்டுமில்லை, நடு பெஞ்ச், ஜன்னலோரம், கதவோரம், எல்லா இடத்திலும் "எனக்கு மட்டும்". முதல் பெஞ்ச் மூன்று தலையாட்டிகளும்கூட அதையேதான் எழுதியிருந்தார்கள், பக்கத்தில் இருப்பவன் ஆட்டுவதால் தானும் ஆட்டுவதாக மூன்று பேரும் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பையன் செய்த காரியம். நான் "புரிஞ்சுதா?" என்று கேட்பதற்கும், யாரும் வாய் திறப்பதற்கு முன் நானே "நல்லது" என்று சொல்லிக்கொள்வதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பருவம் முழுவதும் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறான். சராசரியாக ஒரு நொடிகூட இல்லையாம். ஒவ்வொரு தடவையும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றும் கணக்குப் போட்டு, விலகலே இல்லை, ஆகவே சார் இந்த விஷயத்தில் மாறமாட்டார் என்று முடிவெழுதி, வரைபடமும் போட்டிருந்தான். அந்த வகுப்பிலேயே ஒரு பிழைகூட இல்லாமல் போடப்பட்ட ஒரே கணக்கு அதுதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, கொஞ்சம் அதுவும் கொஞ்சம் இதுவுமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு நான் எழுத வேண்டிய நோட்டை, மனைவி பற்றிய அந்த ஒரே பத்தியோடு நின்றுபோயிருந்த நோட்டை, எடுத்து நடந்ததையெல்லாம் எழுதினேன்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் முகவரி வாங்கிக்கொண்டு போனேன். கீழே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி, மாடியில் வீடு. அவளுடைய அப்பாதான் பயிற்சி ஆசிரியர். நல்ல மனிதர், ஆனால் எதிராளிக்கு வாயைத் திறக்க இடமே கொடுக்காத மனிதர். நான் படியில் கால் வைத்ததும், வாங்க சார், இந்த வயசுலயும் கத்துக்கணும்னு வந்திருக்கீங்க பாருங்க, அதுக்கே உங்களைப் பாராட்டணும் என்று தோளில் கை போட்டு நேரே காருக்கு அழைத்துப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். நான் ஒவ்வொரு முறையும் "உங்க மகள்" என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கிளட்ச் என்பார், கியர் என்பார், முதலில் இதை அழுத்தி அதைத் தள்ளி இதை மெல்ல விட்டு அதை மெல்ல மிதிக்கணும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். அக்கா, எனக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. நான் காரில் பின்சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் தலை இருக்கிறதே, அது ஆடியது. என்னைக் கேட்காமலே, முதல் பெஞ்ச் மாதிரியே, கம்பீரமாக ஆடியது. அவர் "நல்லது, எடுங்க" என்றார்.

எடுத்தேன். கார் ஒரு குதி குதித்தது, நின்றது, இன்னொரு குதி குதித்தது, அப்புறம் நிற்கவே இல்லை. முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய போர்வை கண்ணாடி முழுவதும் வந்து மூடியது. அவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதற்குள், இந்த மாதிரி ஆட்களுக்காகவே சுவரோரம் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் போய் மெத்தென்று மோதி நின்றோம். போர்வைக்குள்ளேயே இருட்டில் இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். போர்வையை விலக்கினால் மாடி பால்கனியில் நம் ஜன்னல் பெண் நின்றிருந்தாள். பருவம் முழுவதும் என் வகுப்பில் ஒரு தடவைகூட அவள் சிரித்து நான் கேட்டதில்லை. என்னை அடையாளம் தெரிந்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுடைய அப்பாவுக்கு நான் யாரென்று தெரிந்ததும் மனிதர் அசடு வழிய மன்னிப்புக் கேட்டு, மாடிக்கு அழைத்துப் போய் நாற்காலி போட்டு, டீ சொல்லி, அதற்குள் உண்மையான மாணவர் ஒருவர் வந்துவிட்டதால் அவரை அழைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். எதிரில் அவள் நின்றாள். ஏம்மா வரல என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அக்கா, இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று நீங்கள் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? வாய்க்குள் "நல்லது" வந்து முட்டுகிறது. "உடம்பு சரியில்லையா" வந்து முட்டுகிறது. டீயைக் குடித்தேன், தம்ளர் காலியான பிறகும் குடித்தேன். கீழே புது மாணவர் கியரைக் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள்தான் பேசினாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"நீங்கதானே சார் இப்படியே தொடரவும்னு போட்டிருந்தீங்க."

"படிக்காம போட்டேம்மா. தப்பு என்மேலதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அப்படிச் சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பிறகு கொஞ்சம் தயங்கி, "கார்ல அப்பா கேட்டப்போ புரியலன்னு சொல்லியிருக்கலாமே சார்?" என்றாள்.

"அவர் கேட்ட வேகத்துல எப்படிச் சொல்றது?"

"அதான் சார்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் முதல்வரும் தேர்வு முடிவுகளும் சேர்ந்து என் மண்டையில் ஏற்ற முடியாததை அந்த இரண்டு சொல் ஏற்றிவிட்டது. நான் அவளிடம் எல்லா நோட்டையும் படித்துவிட்டேன் என்று சொன்னேன். யார் எழுதியது என்று காட்டமாட்டேன், ஆனால் புள்ளியியல்காரன் என்ற முறையில் மொத்தக் கணக்கை மட்டும் சொல்லலாம் அல்லவா, வகுப்பில் அத்தனை பேரும் எனக்கு மட்டும் புரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. முதல் பெஞ்சுமா என்று கேட்டாள். அவர்கள்தான் முதலில் என்றேன். மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. நீங்களும் எழுதுவீர்களா சார் என்று கேட்டாள். பையிலிருந்து என் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு வந்து கொடு, வரவேண்டும் என்று தோன்றினால் வா என்று சொல்லிவிட்டு, அவளுடைய அப்பா மறுபடி காரில் ஏற்றிவிடுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

கெடு முடிகிற நாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்தேன். ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். காலியாக இருந்தது. பாடத்தை ஆரம்பித்து, பலகையில் பாதி எழுதி, திரும்பி நின்று "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடிகாரக்காரப் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பார்த்தவன் திகைத்துப்போய் இன்னொரு தடவை பார்த்தான். ஆட ஆரம்பித்த முதல் பெஞ்ச் தலைகள் நடுவழியில் நின்றன. அவற்றில் ஒன்று மெல்ல, "இல்ல சார்" என்றது. அடுத்தது, அதற்கடுத்தது, பின்னாலிருந்து ஒருத்தி, கதவோரத்திலிருந்து ஒருவன். எல்லோரும் திரும்பித் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார்கள், உனக்குமா, உனக்குமா என்று. பலகையில் எழுதியதை அழிக்கலாம், முதல் பாடத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று திரும்பியபோது, எழுத்துகள் பளிச்சென்று தெரிவதைக் கவனித்தேன். வெயில் இல்லை. யாரோ திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நான் பலகைப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் அவள் பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தாளாம், அதனால்தான் தாமதம். போகும்போது என் நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தேன். நான் எழுதியதன் ஓரத்தில், இது புரியவில்லை, இது உண்மை, இந்த இடத்தில் சிரித்தேன் என்று அங்கங்கே சின்னச் சின்னக் குறிப்பு. கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில், "மிக நன்று. இப்படியே தொடரவும்." அதற்குக் கீழே, "முழுவதும் படித்தேன். கையால் எழுதியது." என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களையெல்லாம் என் மனைவி ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். இதை அதில் போடவில்லை, மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் காரணம் நீங்கள். என் வகுப்பு எனக்கே இருக்குமா, கால அட்டவணை அறைக்குப் போவேனா என்பதைத் தேர்வு முடிவு சொல்லட்டும். இப்போதெல்லாம் ஒரு பாடம் முடிய மூன்று நாள் ஆகிறது, முதல்வர் முணுமுணுக்கிறார், எனக்குக் கவலை இல்லை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவைத்து நோட்டுகளைப் படிக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே இரண்டு வரி எழுதுகிறேன். என் மனைவி இப்போது பக்கங்களைப் புரட்டுவதில்லை, வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறாள், அவளுக்கும் சராசரியை ஒழுங்காக விளக்கி மானத்தை மீட்டுக் கொடுத்துவிட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், வந்த பதிலைக் கடைசிவரை படிக்க வேண்டும் என்ற இந்தச் சின்ன விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுக்க உங்களுக்கு என் வாழ்நாளில் பாதி ஆகியிருக்கிறது. ஆனாலும் கற்றுக்கொண்டுவிட்டேன் அக்கா. இனி உங்கள் தம்பி யாரிடமும் அந்தத் தப்பைச் செய்யமாட்டான். தைரியமாக நம்பலாம்.

வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் மகளிடம் பேசும்போது மாமா விசாரித்ததாகச் சொல்லவும். என் மனைவி அண்ணிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னாள். அவளையும் என்னையும், என் வகுப்பு முழுவதையும் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே வாழ்த்தவும்.

என்றும் உங்கள் சொல்படி நடக்கும்,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் என் மனைவி வாங்கிப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு, அண்ணி நல்லா இருக்காங்கன்னு யார் சொன்னா என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, நான்தான் எழுதினேன் என்றேன். மேலே படித்தாள். போனை எடுக்கவில்லை என்ற இடத்தில் ஒரு முறை என்னைப் பார்த்தாள். உங்கள் மெசேஜ் வரும் இடத்தில், "அண்ணி என்னைக்கு நாலு வரியோட நிறுத்தியிருக்காங்க?" என்று கேட்டு என் கைப்பேசியை எடுத்தாள். அந்த நாலு வரிக்குக் கீழே நீல நிறத்தில் 'மேலும் படிக்க' என்று இருக்கிறது. அது ஏதோ விளம்பரம் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் அழுத்தினாள். "மாடிப்படியில கால் வழுக்கிட்டுது தம்பி. எலும்புல கீறல்னு கட்டுப் போட்டிருக்காங்க. சக்கர நாற்காலியில உட்கார்ந்து சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு சமையலறைக்குப் போறேன். போன் அடிச்சாலும் போய் எடுக்கிறதுக்குள்ள நின்னுடுது. தனியா எப்படியோ சமாளிச்சுக்கிட்டிருக்கேன். முடிஞ்சா ஒரு தடவை வந்துட்டுப் போ" என்று இருந்தது. அதற்குக் கீழே என்னுடைய பதில் இருக்கிறது. அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். மிக நன்று, இப்படியே தொடரவும்.

அக்கா, மேலே எழுதியதில் நான் கற்றுக்கொண்டதாகச் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். கடிதத்தை அஞ்சலில் போடவில்லை. என் மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள், அடுத்த பஸ்ஸில் ஏறுகிறோம், இதை நானே கையில் கொண்டு வருகிறேன். படியேறி வந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். கேட்டுவிட்டு வாயைத் திறக்கமாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை, நீங்களே சொல்லுங்கள்.